மஞ்சள் வீடு, நீல வீடு

வீடு வீடாக நோட்டீஸ் போடுகிற தொழிலுக்கு வாயே திறக்கத் தேவையில்லை என்று யாரோ சொன்னதை நம்பி அதில் சேர்ந்தவள் நான். சுவிஸில் சூக் நகரத்தில் கோப்பை கழுவப் போனவர்களுக்கும், லோசானில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கப் போனவர்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்றை யாராவது சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். ஆகவே நீங்கள் என்னைப் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கலாம். கொஞ்சம் அனுதாபத்தையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

எண்பத்தேழாம் ஆண்டு இலையுதிர் காலம். சுவிஸ் பாராளுமன்றத் தேர்தல் வரப்போகிறது. ஷாஃப்ஹவுசன் மாநிலத்திலிருந்து போவது இரண்டே இரண்டு உறுப்பினர்கள். அந்த இருவருக்காக ஆறு மாவட்டங்களிலும் ஒரு வீடு விடாமல் நோட்டீஸ் போகவேண்டும். இரண்டு கட்சிகளின் நோட்டீஸ்களை அச்சடித்து, மடித்து, தபால்பெட்டிகளில் போடும் பொறுப்பை ஹெர் எக்லி (இங்கே 'திரு'வுக்கு 'ஹெர்') என்பவரின் சின்ன அச்சகம் எடுத்திருந்தது. ஒரு கட்சிக்கு மஞ்சள் தாள், மற்றதற்கு நீலத் தாள். மஞ்சள் என்றால் விவசாயம் செய்யும் கமக்காரர், கடைக்காரர் பக்கம். நீலம் தொழிற்சாலைக்காரர் பக்கம். கட்சிப் பெயர்கள் என் வாயில் நுழையாததால் நான் அவற்றை இன்றுவரை நிறத்தால்தான் அடையாளம் வைத்திருக்கிறேன்.

தேர்தல்வரைக்கும் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் யோகம் அக்கா. யாழ்ப்பாணத்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய், கணவர் ஒரு ரெஸ்டோரண்டில் சமையல் உதவியாளர். மற்றது நான். தேர்தலுக்குப் பிறகு ஒருவரை மட்டும் நிரந்தரமாக வைத்திருப்பேன் என்று ஹெர் எக்லி முதல் நாளே சொல்லிவிட்டார். வேலை இருந்ததால்தான் எனக்கு ஒரு பேக்கரிக்கு மேலே தனி அறை. வேலை நின்றால் திரும்பவும் அகதி முகாம், எட்டுக் கட்டில் போட்ட அறை. ஒரு ஆளோடு கதைப்பதற்கே வெட்கப்படுகிற எனக்கு ஏழு பேரோடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பட்டதாரி மடித்த கதை

மடிப்பதுதான் முதல் வேலை. ஒரு தாளை மூன்றாக மடித்து, எலும்புக் கட்டையால் விளிம்பை அழுத்தி, ஐம்பது ஐம்பதாகக் கட்டவேண்டும். எனக்குப் பொருளியலில் பட்டம் உண்டு. ஆகவே தாளைக் கண்டதும் வாசித்தேன். பால் விலை பற்றி மஞ்சள் என்ன சொல்கிறது, அதற்கு நீலம் என்ன மறுமொழி சொல்கிறது என்று அகராதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீலத்தின் வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நிமிர்ந்தபோது யோகம் அக்காவின் மேசையில் பதினாறு கட்டுகள் இருந்தன. என்னுடையதில் இரண்டு. அதில் ஒன்று தலைகீழாக மடித்தது.

அக்கா என் கட்டை அவிழ்த்துத் திருப்பி மடித்தார். மூன்று நிமிடம்தான் எடுத்தது. பிறகு அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "பிள்ளை, இவங்கள் உனக்கு மடிக்கிறதுக்குத்தான் சம்பளம் தாறாங்கள், வாசிக்கிறதுக்கு வாக்காளர் இருக்கினம்" என்றார்.

பெட்டிக்குள் போன கை

தேர்தல் நோட்டீஸ் போடத் தொடங்குவதற்கு முன்னர் பழக்கத்துக்காக என்னை நகரத்துக்குள் சப்பாத்துக் கடை, சோபாக் கடை நோட்டீஸ்களோடு அனுப்பினார்கள். தபால்பெட்டிகள் எனக்குப் பிடித்துக்கொண்டன. அவை கேள்வி கேட்பதில்லை, எந்த நாடு என்று விசாரிப்பதில்லை. ஆனால் சில பெட்டிகளில் விளம்பரம் போடவேண்டாம் என்று ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்கும். அதை மதிக்காவிட்டால் வீட்டுக்காரர் அச்சகத்துக்குத் தொலைபேசி எடுப்பார்.

ஒரு நாள் சோபா நோட்டீஸைப் போட்ட பிறகுதான் அந்தத் துண்டைக் கண்டேன். மணி அடித்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பயந்து, போட்டதைத் திருப்பி எடுக்கலாம் என்று கையை உள்ளே விட்டேன். நோட்டீஸ் கைக்கு வந்தது, கை வெளியே வரவில்லை. என் வளையல் தகரத்தில் கொழுவிவிட்டது. முழங்கைவரை அவர்களுடைய பெட்டிக்குள் விட்டபடி நிற்கும்போது வயதான வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுக்கிறதென்றால் அந்த மின்சார பில்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

எந்த வீட்டுக்கு எந்த நிறம்

தேர்தல் நோட்டீஸோடு நான் முதன்முதலாகத் தனியாகப் போனது ரையாட் மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமத்துக்கு. நூற்றெண்பது வீடு. ஹெர் எக்லி கிராமத்தின் பெயர் எழுதி மஞ்சளில் ஒரு பை, நீலத்தில் ஒரு பை வாசலில் வைத்திருந்தார்; நான் அவற்றைத் தூக்கிக்கொண்டு தபால் பஸ்ஸில் ஏறினேன். எப்படிப் போடவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லவே தேவையில்லாத விஷயம். எனக்கோ கேட்க வெட்கம்.

எங்கள் ஊரில் தேர்தல் என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்சி உண்டு. சந்தியில் நின்று விரலை நீட்டி, அது இன்னாருடைய ஆட்கள் வீடு என்று காட்டுவார்கள். ஒரு கட்சியின் நோட்டீஸைக் கையில் வைத்திருப்பவர் அந்தக் கட்சியின் ஆள்; மற்றக் கட்சி வீட்டுப் படலையை அவர் திறக்கமாட்டார். ஒரே ஆள் இரண்டு கட்சி நோட்டீஸையும் ஒரே வீட்டில் கொடுத்தால் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து அடிப்பார்கள். ஆகவே ஒரு பெட்டிக்குள் மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்துப் போடும் துணிச்சல் எனக்கு வரவில்லை. யார் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் என் வேலை என்றும், அதற்காகத்தான் படித்த பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

கொப்பியில் வீட்டு இலக்கம், நிறம், காரணம் என்று மூன்று நிரல் போட்டேன். டிராக்டர் நின்றால் மஞ்சள். கொடியில் நீல ஓவரால் காய்ந்தால் நீலம். ஜன்னலில் பெரிய பூச்சாடிகள் இருந்தால் மஞ்சள், சைக்கிள் மூன்றுக்கு மேல் இருந்தால் நீலம். ஒன்றும் பிடிபடாத வீடுகளுக்குத் திரைச்சீலையைக் கவனித்தேன். அப்படி ஒரு வீட்டின் முன் ஐந்து நிமிடமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது மேல் ஜன்னல் திறந்தது. ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஜன்னல் துடைக்க வந்தீர்களா? நேற்றுத்தான் நானே துடைத்தேன்" என்றார். அந்த வீட்டுக்கு மஞ்சள் போட்டேன்.

கையில் நீலத்தோடு வந்த மஞ்சள்காரர்

இரண்டு பையிலும் பாதிப் பாதி மிச்சம் வந்தது. ஹெர் எக்லி தாராளமாக அச்சடித்திருக்கிறார் என்று எண்ணி, மிச்சத்தைப் பின்னறை அலுமாரியில் அழகாக அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் மஞ்சள் கட்சியின் வேட்பாளர் அச்சகத்துக்கு வந்தார். அவர் அந்தக் கிராமத்தில்தான் இருக்கிறாராம். கையில் ஒரு நீல நோட்டீஸ் வைத்திருந்தார். தன் சொந்த வீட்டுக்குத் தன் நோட்டீஸ் வரவில்லை, எதிராளியுடையது மட்டும் வந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்கு அந்த வீடு நினைவுக்கு வந்தது. ஐந்து சைக்கிள்.

அந்தக் கிராமத்துக்கு யார் போனது என்று ஹெர் எக்லி கேட்டார். அவருடைய பேரேட்டில் 'தமிழ்ப் பெண்' என்று மட்டும் இருந்தது. அவர் யோகம் அக்காவைப் பார்த்தார். எங்கள் இருவரில் கதைக்கிற பெண் அவர்தான். நானும் அங்கேதான் நின்றேன், ஆனால் அந்த அச்சகத்தில் என்னைவிடக் கடதாசி வெட்டும் மெஷின் கூடுதலாகச் சத்தம் போடும். யோகம் அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து மடித்துக்கொண்டே இருந்தார். நானும் ஒரு தாளை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். கட்சிக்காரர்கள் ஆளையாள் விழுங்கப் பார்க்கிற நேரத்தில் இப்படியா செய்வது என்று ஹெர் எக்லி அக்காவை ஏசினார். வெள்ளிக்கிழமை இதற்கு ஒரு முடிவெடுப்பேன் என்றார். என்ன முடிவு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வேட்பாளர்தான் கொஞ்சம் நிதானமாக இருந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு புறப்படும்போது அந்த நீல நோட்டீஸைக் கவுண்டரில் வைத்து, "எனக்குக் கவலை என்னவென்றால், என் மனைவி இதை முழுதாக வாசித்துவிட்டு, ஆள் நல்லவராகத் தெரிகிறார் என்கிறாள்" என்றார்.

மூன்று நாள்

நான் பேசாமல் இருந்தால் நிரந்தர வேலை எனக்கு. தனி அறையும் எனக்கு. இதற்கு நான் ஒன்றுமே செய்யத் தேவையில்லை, என் வழக்கப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வெட்கம் இப்படி ஒரு லாபமான குணமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

செவ்வாய் போனது. புதன்கிழமை யோகம் அக்கா வழக்கம்போல இரண்டு பேருக்கும் சேர்த்துப் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்தார். ஏசியிருந்தால் அழுதுவிட்டுச் சாப்பிட்டிருப்பேன். அவர் ஏசவில்லை, குழம்பில் இருந்த பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். "அக்கா, நீங்கள் ஏன் அவரிட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நான் சொன்னால் அது கோள் மூட்டினதாப் போயிடும். நீ ஆறுதலா யோசிச்சுச் சொல்லு, பிள்ளை. ஆனால் வெள்ளிக்கு முன்னம் சொல்லு."

நான். கிராமம். நான்.

வியாழன் காலை, அகராதி பார்த்து எழுதி, பஸ்ஸில் பாடமாக்கிய மூன்று ஜெர்மன் வாக்கியங்களோடு ஹெர் எக்லியின் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும் மூன்றும் மறந்துபோயின. என் நெஞ்சில் விரலை வைத்து, "நான். கிராமம். நான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கொப்பியை எடுத்து மேசையில் விரித்தேன். இலக்கம் பதினான்கு, மஞ்சள், டிராக்டர். இலக்கம் பதினைந்து, நீலம், ஓவரால். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக, நூற்றெண்பது வீட்டையும் பார்த்தார்.

"இங்கே எல்லாருக்கும் இரண்டும் கொடுப்போம்" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னார். "இரண்டையும் வாசித்துவிட்டு அவர்களே முடிவு செய்வார்கள். நீங்கள் அவர்களுக்குப் பதிலாக முடிவு செய்துவிட்டீர்கள்." நான் தலையாட்டினேன். வேலை போய்விட்டது என்று நினைத்துக் கோட்டை எடுக்கத் திரும்பினேன். அவர் யோகம் அக்காவைக் கூப்பிட்டு, எழுந்து நின்று, கை கொடுத்து மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம் கொப்பியை நீட்டி, "நாளைக்கு அதே வீடுகளுக்கு மற்ற நிறத்தைக் கொண்டுபோங்கள். பெட்டியில் போடக்கூடாது. மணி அடித்து, என்ன நடந்தது என்று சொல்லிக் கையில் கொடுக்கவேண்டும்" என்றார்.

நூற்றெண்பது மணி

முதல் வீட்டு மணியை அடித்துவிட்டு, யாரும் இருக்கக்கூடாது என்று நல்லூர் முருகனை வேண்டினேன். கிராமத்தில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். "க்ரூயெட்சி, வணக்கம். போன வாரம் நான் பிழை விட்டேன். இது மற்றக் கட்சி" என்று நூற்றெண்பது தடவை சொல்லவேண்டும். பத்தாவது வீட்டில் குரல் வந்தது. இருபதாவது வீட்டில் அகராதியைப் பைக்குள் வைத்தேன். என் கணிப்பு எவ்வளவு சரி என்று அறிய ஆசைப்பட்டுக் கொப்பியில் நான்காவது நிரல் ஒன்று போட்டேன். பாதிப் பேர் தாங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டார்கள். சொன்னவர்களில் அநேகமாக எல்லாருக்கும் நான் பிழையான நிறம் கொடுத்திருந்தேன். முப்பதாவது வீட்டோடு அந்த நிரலை நிறுத்திக்கொண்டேன். பதினான்காம் இலக்கத்து டிராக்டர்காரர் நீல நோட்டீஸைக் கையில் வாங்கி, ஏன் அவருக்கு மஞ்சள் மட்டும் போட்டேன் என்று கேட்டார். டிராக்டரையும் மாட்டுத் தொழுவத்தையும் காட்டினேன். "மாடுகள் மஞ்சளாக இருக்கலாம். நான் நீலம்" என்றார்.

வேட்பாளர் வீட்டில் அவர் இல்லை. அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் மஞ்சளை நீட்டினேன். நோட்டீஸின் மேலே இருந்த தன் கணவரின் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இவரை எனக்குத் தெரியும். மற்றவரைப் பற்றி இன்னும் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?"

மூன்று பிராங்க்

இந்த மாநிலத்தில் வாக்குப் போடுவது கட்டாயம். போகாவிட்டால் மூன்று பிராங்க் தண்டம். வாக்குப் போடப் போனதற்காக அடிவாங்கிய ஆட்களை அறிந்த எனக்கு, போகாததற்குத் தண்டம் என்பது புதினமாக இருந்தது. கிராமத்தின் கடைசி வீடு மேட்டின் உச்சியில். மழை தூறிக்கொண்டிருந்தது. தனியாக இருந்த ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். தான் முப்பது வருடமாக அந்த மூன்று பிராங்கைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருப்பவர் என்றும், எந்த நிறமும் தனக்கு வேண்டாம் என்றும் சொன்னார்.

நூற்றெழுபத்தொன்பது வீடு கடந்து வந்த துணிச்சலில், வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அந்நியரோடு வாக்குவாதப்பட்டேன். வாசிக்கத் தேவையில்லை, வாங்கினால் போதும், நான் கொடுத்து முடிக்கவேண்டும் என்றேன். அவர் என் நனைந்த சப்பாத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு துவாயும் கோப்பியும் கொண்டுவந்தார். நீல நோட்டீஸை வாங்கி, ஏற்கெனவே மேசையில் கிடந்த மஞ்சளின் பக்கத்தில் வைத்தார். பிறகு, ஏதோ தனக்கு அநியாயம் செய்துவிட்டதுபோல, "நீங்கள் இரண்டு தரம் இந்த மேடு ஏறி வந்த பிறகு, இனி நான் எப்படி வீட்டில் இருப்பது?" என்று கேட்டார்.

முடிவு

தேர்தல் முடிந்த திங்கட்கிழமை வானொலியில் முடிவு சொன்னார்கள். இரண்டு ஆசனத்தில் ஒன்று மஞ்சளுக்கு, ஒன்று நீலத்துக்கு. போனமுறையும் அப்படித்தானாம். தெருவில் வெடி இல்லை, ஊர்வலம் இல்லை, ஒருவரும் அழவும் இல்லை. யோகம் அக்கா எலும்புக் கட்டையை மேசையில் வைத்தார். "இதுக்குத்தானோ இவ்வளவு நோட்டீசும் மடிச்சனாங்கள்?" என்று என்னைக் கேட்டார்.

ஹெர் எக்லி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நான் முகாமுக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். "மடிக்கிறதில் யோகத்தின் கைக்கு ஈடில்லை" என்று தொடங்கினார். சரிதான் என்று நான் தலையாட்டினேன். "ஆனால் வருடக் கடைசியில் கிராமங்களுக்கு நாள்காட்டி கொண்டுபோகவேண்டும். அதற்கு மணி அடித்துக் கதவில் நிற்கத் தெரிந்த ஆள் வேண்டும். ரையாட்டிலிருந்து நாலு பேர் தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள், அந்தக் கொப்பிக்காரப் பெண் திரும்ப வருவாளா என்று. என்னிடம் இருப்பது ஒரு வேலை. காலையில் யோகம், பின்னேரம் நீங்கள்." அரை வேலைக்கான கடிதத்தைப் பார்த்த அகதிகள் அலுவலக அதிகாரி, அரை வேலையும் வேலைதான் என்று முத்திரை குத்தினார். மற்றப் பாதிக்கு, கீழே பேக்கரியில் காலையில் தட்டுக் கழுவுகிறேன். அறை தப்பியது. அக்காவுக்குத்தான் நட்டம், நான் பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு வேலையே இல்லை என்பது உண்மை, ஆனால் நான் அந்தப் பிழையையே விடாமல் இருந்திருந்தால் முழு வேலையும் அவருக்கு என்பதும் உண்மை. இப்போதும் மத்தியானத்தில் நான் உள்ளே போக, அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். கதவடியில் ஒரு புட்டுப் பெட்டியை என் கையில் திணித்துவிட்டுச் சொல்லுவார்: "வாழ்க்கையில ஒருக்கால்தான் வாயைத் திறந்தாய், பிள்ளை. அதுக்கு என்ரை வேலையில அரைவாசி போச்சு."

ஆக, ஆறு மாவட்டத்துக்கும் நோட்டீஸ் சுமந்து, ஒரு வாக்கும் போடாமல், ஒரு வீட்டையும் சரியாகக் கணிக்காமல் அந்தத் தேர்தலில் அரை ஆசனம் வென்ற ஒரே ஆள் நான்தான்.